போர்வெல் மோட்டாருக்கு லூப் எழுதும்போது எங்கே தப்புகிறது?

கேள்வி: வள்ளியூர் பக்கம் வீடு. 1 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார், 1,000 லிட்டர் டேங்க். போரில் ஊற்று குறைவு. பத்து நிமிடம் ஓடினாலே காற்று வாங்க ஆரம்பித்துவிடும், அரை மணி நேரம் விட்டால் மறுபடி ஊறும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டண்ட் மென்பொருளைப் போட்டு, 'டேங்க் 90 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை 10 நிமிடம் ஓடு, 30 நிமிடம் நில்' என்று ரிபீட்–வைல் லூப் (நிபந்தனை பொருந்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) எழுதியிருக்கிறேன். சில நாள் தண்ணீர் வழிகிறது. சில நாள் காலையில் டேங்க் காலியாகக் கிடக்கிறது. கரண்ட் போய் வந்தால் லூப்பே காணோம். என்ன செய்யலாம்?

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. வழிவதிலிருந்து தொடங்கலாம்.

வைல் லூப் தன் கண்டிஷனை (நிபந்தனையை) ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் பார்க்கும். உள்ளே 10 நிமிட டிலே (வெறும் காத்திருப்பு) ஓடிக்கொண்டிருக்கும்போது டேங்க்கை யாரும் பார்ப்பதில்லை. 89 சதவீதத்தில் ஒரு சுற்று தொடங்கினால் டேங்கில் 110 லிட்டருக்குத்தான் இடம். நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளும் மோட்டார் 10 நிமிடத்தில் 300 லிட்டர் ஏற்றிவிடும். மிச்சம் 190 லிட்டர் மொட்டைமாடியில் ஓடும். (உங்கள் மோட்டார் எவ்வளவு தள்ளுகிறது என்று 15 லிட்டர் வாளியைப் பிடித்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் நிரம்பினால் 30 லிட்டர் கணக்கு சரி.)

அதனால் ஓடும் நேரத்துக்கு டிலே கூடாது. அந்த இடத்தில் வெயிட் டெம்ப்ளேட் (குறிப்பிட்ட நிலை வரும்வரை காத்திருக்கும் வரி) போட்டு, டைம்அவுட்டை, அதாவது காத்திருப்பின் உச்ச நேரத்தை, 8 நிமிடமாக வையுங்கள். பத்தில் காற்று வாங்கும் போருக்கு எட்டுதான் பாதுகாப்பு. 'டேங்க் 90-ஐத் தொட்டது' அல்லது 'காற்று வாங்குகிறது', எது முதலில் நடந்தாலும் காத்திருப்பு முடியும். இரண்டும் நடக்காவிட்டால் எட்டாவது நிமிடம் முடியும். அடுத்த வரி மோட்டார் ஆஃப். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'கன்டினியூ ஆன் டைம்அவுட்' என்ற அமைப்பை ஆஃப் செய்துவிட்டால், நேரம் முடிந்ததும் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மோட்டாரை நிறுத்தும் வரிக்குப் போகவே போகாது. அது ஆன்-இலேயே இருக்கட்டும்.

காற்று வாங்குவதைக் கண்டுபிடிக்க வாட் அளவு போதும். பிஇசட்இஎம்-004டி போன்ற மின்சார மீட்டர் மாட்டி, தண்ணீர் நன்றாக வரும்போது எத்தனை வாட், காற்று வாங்கும்போது எத்தனை என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 1,100, 600 என்று காட்டினால் எல்லையை 850-இல் வைக்கலாம். இதை நேராக லூப்புக்குள் எழுத வேண்டாம். 'ரிலே (மோட்டாரைப் போடும் மின் சுவிட்ச்) ஆன், ஆனால் வாட் 850-க்குக் கீழே' என்று ஒரு டெம்ப்ளேட் பைனரி சென்சார் (ஆம்/இல்லை என்று மட்டும் சொல்லும் கணக்குச் சென்சார்) செய்து, அதற்கு டிலே-ஆன் 20 விநாடி கொடுங்கள், அதாவது 20 விநாடி தொடர்ந்தால்தான் ஆன் ஆகட்டும். ஸ்டார்ட் ஆகும்போது வரும் தடுமாற்றம் அதில் அடங்கிவிடும். மோட்டார் நின்றிருக்கும்போது வாட் பூஜ்யம்தானே என்ற குழப்பமும் வராது.

சுற்றுகளுக்கும் உச்சவரம்பு வேண்டும். ஒரு சுற்றுக்கு 240 லிட்டர் என்றால் காலி டேங்க் நான்கு சுற்றில் ஏறக்குறைய நிரம்பிவிட வேண்டும். வைல் கண்டிஷனில் 'ரிபீட் இண்டெக்ஸ் (எத்தனையாவது சுற்று) 6-க்கு மேல் போகக் கூடாது' என்று சேருங்கள். ஆறிலும் நிரம்பவில்லை என்றால் பைப்பில் கசிவோ, போரில் தண்ணீர் இறங்கியதோ, சென்சார் கோளாறோ, ஏதோ ஒன்று இருக்கிறது. மொபைலுக்கு ஒரு செய்தி அனுப்பி நிறுத்திவிடட்டும். இன்னும் கொஞ்சம் புத்திசாலித்தனம் வேண்டுமென்றால், வெயிட் முடிந்ததும் 'வெயிட் ரிமெய்னிங்' (டைம்அவுட்டில் மிச்சமுள்ள நேரம்) மதிப்பைப் பாருங்கள். டேங்க் நிரம்பாமலே அது 360 விநாடிக்கு மேல் மிச்சம் காட்டினால் இரண்டு நிமிடத்துக்குள்ளேயே காற்று வாங்கியிருக்கிறது. அரை மணி ஓய்வு போதவில்லை என்று அர்த்தம். இஃப்–தென் போட்டு ஓய்வை ஒரு மணி நேரமாக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போர் ஊறியபிறகு இந்த அளவெல்லாம் மாறும். எட்டையும் முப்பதையும் விதிக்குள் (ஆட்டோமேஷனுக்குள்) எழுதாமல் நம்பர் ஹெல்ப்பர் என்ற எண் பெட்டியில் வைத்துக்கொண்டால் திரையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

எழுதியவர்கள் பலருக்குக் கண்ணில் படாத தப்பு ஒன்று: சென்சார் தொடர்பு அறுந்து 'அன்அவைலபிள்' ஆகும்போது என்ன எண் வருகிறது? வழக்கமாக ஃப்ளோட்(0), அதாவது எண் கிடைக்காவிட்டால் 0 என்று வைத்துக்கொள், என்று எழுதிவிடுகிறோம். வைஃபை விழுந்த நிமிடம் டேங்க் 0 சதவீதம் என்று விதி நம்பும். நிறைந்த டேங்க்குக்கு மோட்டார் போடும். நிரப்பும் விதியில் ஃப்ளோட்(100) என்றுதான் இருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் குழாய்த் தண்ணீரைச் சம்பில் பிடித்து மேலே ஏற்றுகிறவர்கள் சம்ப் அளவுக்கு மட்டும் ஃப்ளோட்(0) வைக்கலாம். விவரம் தெரியாவிட்டால் மோட்டார் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

காலையில் காலியாகக் கிடப்பதற்கு, விதியைத் தொடங்கிவைக்கும் டிரிக்கர்தான் காரணமாக இருக்கும். உதாரணமாக, 'டேங்க் 40-க்குக் கீழே' என்ற டிரிக்கர், எல்லையைத் தாண்டும் அந்தக் கணத்தில்தான் எழும். ராத்திரி 2 மணிக்குத் தாண்டியது, '5:30-க்குப் பிறகு மட்டும்' என்ற கண்டிஷன் தடுத்தது என்றால் கதை முடிந்தது. 5:30 ஆனதும் அது தானாக மறுபடி எழாது. அதே விதியில் 5:30 மணியையும் ஒரு டிரிக்கராகச் சேர்த்து, 'டேங்க் 40-க்குக் கீழே' என்பதைக் கண்டிஷனிலும் போடுங்கள். மோடு 'சிங்கிள்' ஆக இருக்கட்டும், ஓடும்போது டிரிக்கர் மறுபடி எழுந்தால் விதி கண்டுகொள்ளாது. 'ரீஸ்டார்ட்' வைத்தால் பாதிச் சுற்றில் விதி முதலிலிருந்து தொடங்கும். ஆஃப் வரியைத் தொடாமலே மோட்டார் தொடர்ந்து ஓடும். அந்த மோடு வராண்டா லைட்டுக்கு ஆகும், மோட்டாருக்கு ஆகாது.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். ஹோம் அசிஸ்டண்ட் ரீஸ்டார்ட் ஆனால் ஓடிக்கொண்டிருந்த லூப், டிலே, வெயிட் எதுவும் மிஞ்சாது. எனவே 'ஹோம் அசிஸ்டண்ட் ஸ்டார்ட்' என்பதையும் டிரிக்கராகச் சேர்த்து, அதன் பிறகு ஐந்து நிமிடம் பொறுத்து டேங்க் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் நிலைக்கவும் சென்சார்கள் இணையவும் அந்த நேரம் வேண்டும். இண்டெக்ஸும் ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதால், கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் சுற்றுகளைக் கவுன்ட்டர் ஹெல்ப்பரில் எண்ணி, நள்ளிரவில் பூஜ்யமாக்குவது நல்லது.

ராஸ்பெர்ரி பை தொங்கிவிட்டால்? ரிலே ஆன்-இலேயே நிற்கும். அதற்கு ரிலே போர்டுக்குள்ளேயே ஒரு வெட்டு வேண்டும். அந்த போர்டில் டாஸ்மோட்டா மென்பொருள் இருந்து, பல்ஸ்டைம் (தானே அணையும் நேரம்) 700 என்றால் 600 விநாடியில், அதாவது 10 நிமிடத்தில், தானே அணைந்துவிடும். 12 விநாடி முதல் மேலே எந்த நேரம் வேண்டுமோ அதோடு 100-ஐக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் முறை. கரண்ட் வந்ததும் ரிலே ஆஃப் நிலையில் எழும்படியும் வைத்துவிடுங்கள்.

10 ஆம்பியர் ரிலேயில் மோட்டாரை நேராகக் கோர்க்காதீர்கள். ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும், தகடு ஒட்டிக்கொண்டால் எந்த விதியாலும் நிறுத்த முடியாது. ரிலே, காண்டாக்டரின் (பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) காயிலை மட்டும் இயக்கட்டும். அந்தக் காயிலோடு டேங்க் ஃப்ளோட் (மிதவை) சுவிட்சைத் தொடராக இணையுங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டிய பேனலாக இருந்தால் இணைப்பு வேறு மாதிரி. எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

சோதிக்கும்போது மோட்டார் வேண்டாம். காண்டாக்டருக்குப் பதில் ஒரு பல்பு, சென்சாருக்குப் பதில் நம்பர் ஹெல்ப்பர் ஸ்லைடர், 8 நிமிடத்துக்குப் பதில் 20 விநாடி. பல்பு எரியும்போது ஸ்லைடரை 90-க்கு ஏற்றுங்கள், அணைய வேண்டும். பிறகு நிஜ சென்சாரை இணைத்து, பல்பு எரியும்போது அதன் வயரைப் பிடுங்குங்கள். சென்சார் அன்அவைலபிள் ஆனதும் அணைய வேண்டும். கடைசியாக, பல்பு எரியும்போதே பையின் பவரை எடுத்துவிட்டு 10 நிமிடம் காத்திருங்கள். அப்போதும் அணைந்தால் மோட்டாரை இணைக்கலாம்.