எண்டர் தட்டுவதற்கு முன்: லினக்ஸ் டெர்மினல் கேள்வி-பதில்

கேள்வி: கட்டளைகளைத் தட்டி கணினியை இயக்கும் திரையான டெர்மினலுக்கு, கல்லூரியில் நூறு கட்டளைகளின் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? (மாணவி, திருமங்கலம்)

தேர்வுக்கு வேண்டுமானால் படித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஏழெட்டு போதும். ‘பிடபிள்யூடி’ நீங்கள் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். ‘எல்எஸ்’ அங்கே இருப்பதைக் காட்டும். ‘சிடி’ இடம் மாற்றும். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். நிற்கும் இடம் தெரியாமல் கட்டளை கொடுத்துத்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பாதை சாய்கோட்டில் தொடங்கினால் அது முழு முகவரி, எங்கிருந்து கொடுத்தாலும் ஒரே இடத்துக்குப் போகும். இல்லாவிட்டால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கணக்கு. ‘மதுரை, மேல மாசி வீதி’ என்பதற்கும் ‘அடுத்த தெருவில் இடப்பக்கம்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். மற்றவற்றுக்கு ‘மேன்’ இருக்கிறது. ‘மேன் எல்எஸ்’ என்று தட்டினால் அதன் கையேடு திறக்கும். வெளியே வர க்யூ எழுத்தை அழுத்துங்கள்.

கேள்வி: சித்திரைத் திருவிழாவில் இரண்டு கேமராக்களில் எடுத்த படங்களை, நட்சத்திரக் குறியும் ஜேபிஜியும் போட்டு ‘எம்வி’ மூலம் ஒரே ஃபோல்டருக்கு மாற்றினேன். பல படங்கள் நகரவே இல்லை. (ஸ்டூடியோ உரிமையாளர், சிம்மக்கல்)

நகராத படங்கள் பத்திரமாக இருக்கின்றன. நகர்ந்தவற்றை முதலில் எண்ணிப் பாருங்கள். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. பல கேமராக்கள் ஜேபிஜியைப் பெரிய எழுத்தில் எழுதும். நீங்கள் சிறிய எழுத்தில் கேட்டிருப்பீர்கள். என் கவலை வேறு. இரண்டு கேமராக்களும் ஒரே பெயர்களைக் கொடுத்திருக்கலாம். முதல் கேமராவின் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு அதே பெயரில் இன்னொரு படம் வந்தால், ‘எம்வி’ ஒரு வார்த்தை கேட்காமல் பழையதன் மேல் எழுதிவிடும். கார்டை இன்னும் அழிக்கவில்லை என்றால் தப்பித்தீர்கள். ஆற்றில் இறங்கும் அழகரை மறுபடி எடுக்க அடுத்த ஆண்டுதான். இனி ‘எம்வி’க்குப் பின் கழித்தல் குறியும் சிறிய ‘ஐ’ எழுத்தும் சேருங்கள், மேலே எழுதுவதற்கு முன் கேட்கும். கேமராவுக்கு ஒரு ஃபோல்டர் வைப்பது அதைவிட நல்லது. எதையும் நகர்த்துவதற்கு முன், அதே நட்சத்திரக் குறியை ‘எல்எஸ்’ஸுக்குக் கொடுத்து எவையெல்லாம் சிக்குகின்றன என்று பாருங்கள்.

கேள்வி: ‘சூடோ’ கேட்கும் கடவுச்சொல்லைத் தட்டினால் திரையில் ஒன்றுமே விழவில்லை. கீபோர்டு கெட்டுவிட்டதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்)

இல்லை ஐயா. ‘சூடோ’ என்பது ஒரு கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்ட வைப்பது, அதனால்தான் கடவுச்சொல் கேட்கிறது. பக்கத்தில் நிற்பவர் எழுத்துகளை எண்ணிவிடக் கூடாது என்றுதான் அப்படி. தட்டிவிட்டு எண்டர் கொடுங்கள்.

கேள்வி: ‘ஆர்எம்’ கொடுத்து அழித்த ஃபைல் குப்பைத் தொட்டியில் இல்லையே? (திருப்பரங்குன்றம்)

இருக்காது. ‘ஆர்எம்’ அந்த வழியாகப் போவதே இல்லை. வேறெங்காவது நகல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த டிஸ்கில் மேற்கொண்டு எதையும் எழுதாமல், மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் என்றால் நம்பிக்கை இன்னும் குறைவு.

கேள்வி: டெர்மினலில் கன்ட்ரோல்-சி நகலெடுக்க மறுக்கிறது. (வில்லாபுரம்)

அங்கே அது ஓடுகிற நிரலை நிறுத்தும் விசை. ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஒட்டுவதற்கு ஷிஃப்டுடன் கன்ட்ரோல்-வி. எங்கோ கண்ட வரியை ஒட்டும்போது அது ‘சூடோ’வில் தொடங்கினால், கடைசி எழுத்து வரை வாசிக்காமல் எண்டர் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் தினமும் ‘ஏபிடி அப்டேட்’ கொடுக்கிறேன். எந்த மென்பொருளும் மாறவில்லை. (உசிலம்பட்டி)

‘அப்டேட்’ பட்டியலை மட்டும் புதுப்பிக்கும், நிறுவுவது ‘அப்கிரேட்’. அதையும் அடுத்ததாகக் கொடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை உபுண்டு வழக்கமாகத் தானே நிறுவிக்கொள்ளும் என்பதால் தினமும் மெனக்கெட வேண்டியதில்லை.