வாசகர் கேள்வி – பதில்: ராணுவ உபரி வெடிமருந்தும் ரீலோடிங்கும் (சுட்ட உறையில் மீண்டும் மருந்து அடைத்துத் தோட்டா செய்வது)

கேள்வி: 20 மி.மீ. பீரங்கிக் குண்டுகளைப் பிரித்து எடுத்த உபரி வெடிமருந்து மலிவாகக் கிடைக்கிறது. நான் .308 ரைஃபிள் தோட்டாவுக்குப் போடும் உருண்டை மணி மருந்து போலவே இருக்கிறது. அதே எடை போடலாமா?

பதில்: போடவே கூடாது. மணியின் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்து எரியும் வேகத்தைச் சொல்ல முடியாது. மணிமேல் உள்ள, எரிதலைத் தணிக்கும் பூச்சு வேகத்தை வெகுவாக மாற்றிவிடும்; அது கண்ணுக்குத் தெரியாது.

20 மி.மீ. மருந்து மிக மெதுவாக எரியும். சிறிய உறையில் ப்ரைமர் (உறையின் அடியில் உள்ள பற்றவைப்பு மூடி) அதைச் சரியாகப் பற்றவைக்காமல் போனால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். சத்தம் மங்கலாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குழலைச் சோதிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். சுத்தியல் விழுந்தும் சுடாவிட்டால், குழலைப் பாதுகாப்பான திசையில் 30 விநாடியாவது பிடித்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம்.

இதைவிட ஆபத்தானது வெற்றுத் தோட்டாவிலிருந்து (குண்டில்லாமல் சத்தத்துக்கு மட்டும் சுடுவது) எடுத்த மருந்து. அது மிக வேகமாக எரியும். குண்டுக்குப் பின்னால் வைத்தால் துப்பாக்கியே சிதறும்.

கேள்வி: டப்பாவில் எண் எழுதியிருந்தால் நம்பலாமா?

பதில்: எண் மட்டும் போதாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹாட்ஜ்டன் நிறுவனம் விற்ற 4831 என்ற மருந்து ராணுவ உபரிதான். பின்னாளில் ஐஎம்ஆர் என்ற வணிகப் பெயரில் வந்த 4831 அதைவிட வேகமாக எரியும். எண் ஒன்றே என்று முதலாவதன் உச்ச அளவை இரண்டாவதற்குப் போட்டால் அழுத்தம் எல்லை மீறும்.

கடையில் டப்பாவில் விற்கும் மருந்தை, லாட்டுக்கு லாட் (ஒரு தடவையில் தயாரித்த தொகுதி) எரியும் வேகம் மாறாதபடி ஆலையிலேயே கலந்து சரிசெய்கிறார்கள். ராணுவத்துக்குப் போகும் மொத்த மருந்து அப்படியல்ல. ஒவ்வொரு லாட்டையும் அழுத்தமானியில் சோதித்து, எடையைத்தான் மாற்றுவார்கள். உங்களிடம் உள்ள குரோனோகிராஃப் குண்டு பாயும் வேகத்தைக் காட்டும், அழுத்தத்தைக் காட்டாது. லாட் எண்ணும் அந்த லாட்டுக்கான அளவு விவரமும் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். இரண்டு மருந்துகளைக் கலக்கவும் வேண்டாம்.

கேள்வி: பழைய டப்பாவைத் திறந்தால் மூக்கில் ஏறும் புளித்த நெடி, செம்பழுப்புத் தூசியும் பறக்கிறது.

பதில்: கெட்டுவிட்டது. நல்ல மருந்தில் ஈதர் போன்ற லேசான வாசனைதான் இருக்கும். நைட்ரோசெல்லுலோஸ் மெல்லச் சிதைந்து வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளை டைஃபினைலமின் போன்ற நிலைநிறுத்தி உறிஞ்சிக்கொள்ளும். அது தீர்ந்ததும் அமிலம் சேரும், சூடு ஏறும். தானே தீப்பிடிக்கவும் செய்யும்.

டப்பா சூடாக இருந்தாலோ புகைந்தாலோ தொடாமல் விலகி, தீயணைப்புத் துறையை அழையுங்கள். இல்லையென்றால் வீட்டைவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். ஆளில்லாத வெட்டவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக, ஓர் அங்குல உயரத்தைத் தாண்டாமல் தரையில் பரப்பி, காற்று வரும் பக்கம் நின்று தொலைவிலிருந்து பற்றவைத்து எரிக்கலாம். டப்பாவோடு கொளுத்தக் கூடாது. அடைபட்ட மருந்து வெடிக்கும்.