தங்க இடம் இல்லாத நிலையில் நானே வரைந்த படங்களை விற்றுப் பிழைக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் மதுரையில் அறையைக் காலி செய்துவிட்டு இரண்டு வாரமாக வெளியில் படுத்துக்கொண்டிருக்கிறார். பேனாவில் நன்றாக வரைவாராம், கையில் 700 ரூபாய் மிச்சமாம், இதை வைத்து ஆரம்பிக்கலாமா, வீடு இல்லை என்பதைச் சொல்லி விற்கலாமா என்று கேட்கிறார்.

ஆரம்பிக்கலாம். 2022 ஆடியிலிருந்து 2023 புரட்டாசி வரை பதினாலு மாதம் நான் அப்படித்தான் சாப்பிட்டேன். அதில் அறைக்கு அட்வான்ஸ் சேர்ப்பது வேறு கதை, அதையும் சொல்கிறேன்.

எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஊர். பத்தாவதோடு டவுனுக்கு வந்து ஓர் ஆர்ட்ஸ் கடையில் போர்டு எழுதக் கற்றுக்கொண்டவன். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் தின்றது எல்லோருக்கும் தெரியும். தேர்தலுக்குத் தேர்தல் சுவர் எழுதினேன், அப்புறம் கம்ப்யூட்டரில் டிசைன் பண்ணுகிற கோரல் டிரா கற்றுக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடையிலேயே உட்கார்ந்தேன், அந்தக் கடையும் மூடிவிட்டது. மூன்று மாத வாடகை பாக்கி, அண்ணனோடு பேச்சு இல்லை, குடியும் இருந்தது. குடியை மறைத்து எழுதினால் இந்தப் பதிலுக்கு அர்த்தமே இல்லை.

வரைவது பெரிய பாடு இல்லை. வரைந்ததை ராத்திரி எங்கே வைப்பது என்பதுதான் பாடு. முதல் மாதம் படங்களைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தலைக்கு வைத்துத்தான் படுத்தேன். காலையில் பார்த்தால் தலை பட்ட இடத்தில் தாள் வளைந்திருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும், வளைந்த படத்தை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள். ரயில் நிலையத்தில் பொருள் வைக்கிற அறை இருக்கிறதே என்று தோன்றும். அங்கே பயணச்சீட்டு கேட்பார்கள், பையில் பூட்டு கேட்பார்கள். நம்மிடம் இரண்டும் கிடையாது.

எனக்கு வழி விட்டது மீனாட்சி அம்மன் கோயிலை ஒட்டிய மேற்குச் சித்திரை வீதிப் பக்கம் பூக் கட்டுகிற ஓர் அக்கா. அவர் பூக்கூடையும் ஸ்டூலும் வைக்கிற ஒரு கடையின் பின்பக்கத்தில் என் அட்டையையும் ஃபைலையும் வைத்துக்கொள்ள விட்டார். சும்மா விடவில்லை, முதலில் பத்து நாள் என்னைக் கவனித்தார், தண்ணி எடுத்து வரச் சொன்னார், சில்லறை மாற்றி வரச் சொல்லி 500 ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் ஒருநாள், "ஏப்பா, அந்த அட்டையக் கட்டிக்கிட்டே அலையாத, இங்க வையி" என்றார். நீங்கள் 700 ரூபாயில் என்ன வாங்குவது என்று யோசிக்கிறீர்கள். அதற்கு முன் இப்படி ஒரு ஆளைத் தேடுங்கள். டீக்கடையோ, செருப்புத் தைப்பவரோ, இஸ்திரி வண்டியோ, தினமும் ஒரே இடத்தில் இருப்பவராக இருக்க வேண்டும்.

சாமான் என்று பார்த்தால் பரீட்சை அட்டை ஒன்று, சாதாரண பால்பாயிண்ட் பேனா நாலு, மெழுகுத் துணி ஒரு மீட்டர். தாளைக் கடையில் வாங்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகங்களில் வெட்டுத்துண்டு கிடக்கும், ஐவரி அட்டை, மேப்லித்தோ என்கிற பளபளப்பில்லாத வெள்ளைத் தாள் எல்லாம். கிலோக் கணக்கில் தருவார்கள், முகம் பழகிவிட்டால் சும்மாவே தருவார்கள். பளபளப்பான ஆர்ட் தாளைத் தொடாதீர்கள், பால்பாயிண்ட் அதில் வழுக்கும், கை பட்டால் இழுவிவிடும்.

எங்கே உட்காருவது? இதில் நான் ஒரு மாதம் வீணாக்கினேன். 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. சனங்கள் போனையும் செருப்பையும் வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், உள்ளே போகிற வழியில் உட்கார்ந்தேன். கூட்டம் அங்கேதான் அதிகம். ஆனால் உள்ளே போகிறவர் கையில் அர்ச்சனைத் தட்டு, மனசில் வரிசை எவ்வளவு நீளமோ என்கிற கவலை, சட்டைப்பையில் போன் கிடையாது. பிடித்திருந்தாலும் ஜிபே பண்ண வழியில்லை. "வரும்போது பாக்குறேன்" என்பார்கள், வேறு வாசல் வழியாக வெளியே போய்விடுவார்கள்.

போனையும் செருப்பையும் திரும்ப வாங்குகிற பக்கம் மாறிய அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. வீட்டில் ஒருத்தர் டோக்கனோடு வரிசையில் நிற்பார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லாமல் நிற்பார்கள். உள்ளே பார்த்த எதையும் படம் எடுக்க முடியவில்லை என்கிற குறை வேறு அவர்களுக்கு இருக்கும். அதனால் கோபுரத்தை விடப் பொற்றாமரைக் குளம்தான் எனக்கு அதிகம் விற்றது. கோபுரத்தை எல்லோரும் வெளியே நின்று போனில் எடுத்துக்கொள்வார்கள், குளத்து நடுவில் இருக்கிற தங்கத் தாமரையை எடுக்க முடியாதே! உள்ளே போய்ப் படிக்கட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து மனசில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து வரைவேன். திருமலை நாயக்கர் மகால் தூண்களையும் வரைந்து பார்த்தேன், எனக்கு அவ்வளவு பிடிக்கும், ஒரு வருஷத்தில் மூன்றுதான் போனது.

இன்னொன்று, வரைந்து முடித்ததைப் பரப்பி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் விற்காது. பேனா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகள்தான் முதலில் நிற்கும், அதுக்கப்புறம் அதுகளை இழுத்துப் போக வந்த அப்பா நிற்பார். உள்ளங்கை அகலப் படம் 50, பெரிய தாள் 150, எதிரே உட்கார வைத்து முகம் வரைந்தால் 200 என்று வைத்திருந்தேன். பேரம் பேசுவார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள், ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும். அவர்கள் 50 ரூபாய்ப் படத்தைத்தான் வாங்குவார்கள், ஆனால் ஒருவர் வாங்கினால் அந்த பஸ்ஸில் ஏழெட்டுப் பேர் வாங்குவார்கள். அந்த இரண்டு மாதம்தான் கை நிறையக் காசு பார்த்தேன்.

எனக்குத் தெரிந்து சரியாகக் காசு வந்த வேலை சின்னப் போட்டோவைப் பார்த்துப் பெரிதாக வரைந்து தருவது. திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, சுருக்குப் பையிலிருந்து செத்துப்போன வீட்டுக்காரரின் வாக்காளர் அட்டையை எடுத்தார். "இத பெருசா எழுதித் தருவியாய்யா?" படத்தில் முகமே இல்லை, கறுப்பாக ஒரு வட்டம், அதில் மீசை மட்டும். நான் பாட்டியைக் கேட்டுக் கேட்டு வரைந்தேன். "காது இம்புட்டு சின்னது இல்லய்யா, பெருங்காது. கடுக்கன் போட்ட ஓட்டை இருக்கும். நெத்தியில வெட்டுக்காயம் ஒண்ணு, அத வைக்காத." காயம் இருந்த இடத்தைக் காட்டிவிட்டு வைக்காதே என்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடித்துக் கையில் கொடுத்ததும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டு நல்லவரா இருக்க மாட்டாரு" என்றார். 300 கேட்டேன். 300-ஐயும் பத்தும் இருபதுமாக எண்ணிக் கொடுத்தார்.

வீடு இல்லை என்பதைச் சொல்லி விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு நாள் எழுதி வைத்தேன். போர்டு எழுதியவன் இல்லையா, எழுத்து அழகாகவே இருந்தது. அன்றைக்கு 180 ரூபாய் சில்லறை விழுந்தது, ஒரு படம் கூடப் போகவில்லை. ஒரு பெரியவர் பத்து ரூபாய் போட்டார், படத்தை நீட்டினேன், "வேணாம்ப்பா, நீயே வச்சுக்க" என்று நகர்ந்துவிட்டார். மறுநாள் எடுத்துவிட்டேன். ரோஷம் என்று நினைக்காதீர்கள், ரோஷம் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. காசு போட்டவர் திரும்ப வரமாட்டார். படம் வாங்கியவர் அடுத்த வெள்ளிக்கிழமை மச்சினனைக் கூட்டிக்கொண்டு வருவார், வியாபாரத்துக்கு அதுதான் தேவை. அழுக்கில்லாத சட்டை ஒன்று, கட்டணக் குளியலறையில் தினமும் ஒரு குளியல், இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இப்போது காசு விஷயம். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். இருபது ரூபாயில் இரண்டு வேளை ஓடிவிடும். அதனால் கையில் 200 வந்தாலே பணக்காரன் மாதிரி இருக்கும், அங்கேதான் ஆபத்து. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கும். காலையில் விற்ற காசில் 12 மணிக்கு முன்னால் தாளும் பேனாவும் வாங்கிவிட வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். வாங்காத நாளெல்லாம் மறுநாள் வெறுங்கையோடு உட்கார்ந்த நாள். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

என்னிடம் அப்போது நல்ல போன் இல்லை, பேங்க் கணக்கு தூங்கிக் கிடந்தது. அதனால் அக்காவின் க்யூஆர் அட்டையைத்தான் பக்கத்தில் வைத்தேன். ஸ்கேன் பண்ணினால் பொம்பளைப் பெயர் வரும், "இது யாருங்க?" என்பார்கள், அக்கா பூக் கட்டிக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டுவார். சாயங்காலம் கணக்குப் பார்த்துப் பணமாகத் தருவார். தரும்போது ஐம்பது ரூபாயைப் பிடித்துக்கொள்வார், அது ரூம் அட்வான்சுக்கு. இது நான் கேட்டுச் செய்ததில்லை. ஒரு ராத்திரி அந்த ஐம்பதைக் கேட்டு நடுத்தெருவில் கத்தினேன், வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. அவர் தரவில்லை. மறுநாள் காலையில் அட்டை இருக்காது என்று நினைத்துக்கொண்டே போனேன். இருந்தது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

சித்திரைத் திருவிழாவைப் பற்றி எச்சரிக்கை. அவ்வளவு கூட்டம் வருகிறதே, அள்ளிவிடலாம் என்று தோன்றும். நான் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வைகை மேல் இருக்கிற ஏ.வி. பாலத்துப் பக்கம் கடை போட்டேன். நிற்கவே இடமில்லாத இடத்தில் யார் நின்று படம் வாங்குவார்கள்? அங்கே நசுங்கியது போதாது என்று, மிச்சத்தை எடுத்துக்கொண்டு ராமராயர் மண்டபம் பக்கம் போனேன். அங்கே அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டம். சாமிக்குப் பாதி, எனக்குப் பாதி. ஜெல் பேனாவில் வரைந்த இருபத்திரண்டு படமும் நீல ஆறாக ஓடியது, பால்பாயிண்டில் வரைந்த ஆறு மட்டும் தப்பித்தது. அதற்குப் பிறகு ஜெல் பேனாவைத் தொட்டதில்லை. பால்பாயிண்ட் வெயிலில் வெளுக்கும், அதை வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள், வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

போலீஸோ மாநகராட்சி ஆட்களோ விரட்டுவார்கள். எழுந்து போகச் சொன்னால் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள், வாக்குவாதம் வேண்டாம். ஒருமுறை என் அட்டை, ஃபைல் எல்லாவற்றையும் விரட்ட வந்த ஒருத்தர் தூக்கிக்கொண்டு போனார், திரும்பக் கிடைக்கவே இல்லை. 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, பொருளை எடுத்தால் என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அழுகாத பொருளை உரிய கட்டணம் கட்டிக் கேட்டால் இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். எனக்கு அப்போது இது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

படுக்க மாநகராட்சி சார்பில் வீடற்றோர் விடுதி இருக்கிறது, காசு கிடையாது. நகரத்து மக்கள் லட்சம் பேருக்கு நூறு பேர் தங்குகிற ஒரு விடுதி என்பது அப்போதைய மத்திய அரசுத் திட்டத்தின் கணக்கு. மழைக்காலத்துக்கு நல்லது, நான் ஐப்பசியில் அங்கேதான் இருந்தேன். முகவரி இல்லாததால் வாக்காளர் அட்டை கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். பட்டியலில் பெயர் சேர்க்கிற படிவம் 6-இல் படுக்கிற இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரி வந்து நாம் அங்கே படுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. எனக்கு வந்தவர் இரண்டாவது ராத்திரி என்னை எழுப்பாமல் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், பக்கத்தில் படுத்திருந்தவர் சொன்னார்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்கு 7,000 ரூபாய் கிடைத்தது. ஒரு கடைக்காரர் என் பொற்றாமரைப் படத்தை 150-க்கு வாங்கிப் போய்த் தன் கடைப் பையில் அச்சடித்துவிட்டார். அந்தப் பையோடு ஒரு அம்மா என் முன்னாலேயே வந்து நின்றார்! தாளை விற்றால் அதை அச்சடிக்கிற உரிமையையும் விற்றதாக ஆகாது, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அதற்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒருத்தர் காசு கொடுத்து முகம் வரையச் சொன்னால் அந்தப் படத்தின் உரிமை பொதுவாக அவருடையது. நாமாக வரைந்த குளமும் கோபுரமும் நம்முடையவை. இதைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த, சட்டம் படிக்கிற ஒரு தம்பி சொன்னான், அவனையே கூட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். கடைக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் தந்தார். அக்காவிடம் அதற்குள் 13,000 சேர்ந்திருந்தது. அட்வான்ஸ் 20,000, கட்டிவிட்டேன்.

அதனால் ஒவ்வொரு படத்திலும் கீழே கையெழுத்தும் தேதியும் போடுங்கள். உங்கள் 700-இல் சாமானுக்கு 200-க்கு மேல் போடாதீர்கள், மிச்சம் சாப்பாட்டுக்கும் குளியலுக்கும். கார்த்திகை வருவதற்குள் சின்ன அளவில் நூறு குளம் வரைந்து வைத்துவிடுங்கள், பஸ் வந்து நின்ற பிறகு வரைய நேரம் இருக்காது.