கிராங்க் நுழையவில்லை, ஃப்ரேமின் மரையும் போய்விட்டது: கடைக்காரரிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: திண்டுக்கல்லில் வசிக்கும் பள்ளி ஆசிரியர் நான். மூன்று வருடங்களுக்கு முன் 38,000 ரூபாய்க்கு வாங்கிய அலுமினிய ஃப்ரேம் சைக்கிளைத் தினமும் காலையில் ஓட்டுகிறேன். அதில் இருந்த பழைய சதுர ஆக்சில் கிராங்கை (பெடல் மாட்டும் கை; இரு பக்கக் கைகளையும் இணைக்கும் தண்டுதான் ஆக்சில்) மாற்றுவதற்காக ஆன்லைனில் 9,500 ரூபாய்க்கு 24 மி.மீ. ஆக்சில் கொண்ட கிராங்க் செட் வாங்கினேன். மதுரையில் ஒரு கடைக்கு சைக்கிள் படம், கிராங்க் பெட்டியின் படம் இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதற்குரிய பிபி கப் (ஆக்சில் சுழல ஃப்ரேமில் திருகி மாட்டும் பேரிங் கிண்ணம்) இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குண்ணே, கொண்டு வாங்க, போட்டுரலாம்" என்று பதில் வந்தது. கப்புக்கு 2,200 ரூபாயை யுபிஐயில் கட்டி வண்டியை விட்டுவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துப் போனால், இடது பக்கம் ஆக்சில் நுழையாமல் சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். பிறகு கப்பைக் கழற்றி மறுபடி மாட்டும்போது ஃப்ரேமின் வலது பக்க மரையே போய்விட்டது. கப் பெட்டியில் ஜிஎக்ஸ்பி என்று போட்டிருக்கிறது. "ஃப்ரேம் ஏற்கெனவே கெட்டிருந்தது, கிராங்க் நீங்க வாங்கினது, எங்க பொறுப்பில்ல" என்கிறார் கடைக்காரர். கூலி 1,200 ரூபாயும் நாளுக்கு 50 ரூபாய் இட வாடகையும் கொடுத்தால்தான் சைக்கிளைத் தருவாராம். பில் இல்லை, துண்டுச்சீட்டுதான், அதில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற முத்திரை வேறு. கடை, ஆன்லைன் விற்பனையாளர் இருவர் மீதும் 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: வழக்கு, நோட்டீஸ் எல்லாம் அப்புறம். முதலில் சைக்கிளை எடுத்து வாருங்கள், முடிந்தால் இந்த வாரமே. உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்த ஃப்ரேமின் மரைதான். அது இப்போது எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது. யாராவது ஒரு டேப்பை (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் 'சரிசெய்து' வைத்துவிட்டால், எப்படிக் கெட்டது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கூலி தராமல் சைக்கிளைத் தரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் பிரிவு 170 அப்படி ஓர் உரிமையைத் தருகிறது, ஆனால் ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்ற வேலையைச் செய்து முடித்தவருக்குத்தான். வைரத்தைப் பட்டை தீட்டக் கொடுத்தால், தீட்டி முடித்தவர் கூலி வாங்கும்வரை அதை வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டத்திலேயே உள்ள உதாரணம். உங்கள் விஷயத்தில் கிராங்க் மாட்டப்படவே இல்லை. வேலை முடியாததற்குக் கூலி கேட்டு பொருளைப் பிடித்து வைப்பது இந்தப் பிரிவுக்குள் வராது, பேசிக்கொள்ளாத இட வாடகை சுத்தமாக வராது. ஆனாலும் 1,200 ரூபாய்க்காகக் கடை வாசலில் நின்று வாதாட வேண்டாம் என்பேன். கூலியை யுபிஐயில் கட்டி, குறிப்பு எழுதும் இடத்தில் "ஆட்சேபணையுடன்" என்று போட்டு, அதையே வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி அனுப்பிவிட்டு வண்டியை எடுங்கள். எடுப்பதற்கு முன் அங்கேயே மரையை, கப்பை, கிராங்க் ஆக்சிலின் முனையை வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள். கப்பையும் அதன் பெட்டியையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள், காசு கொடுத்தது நீங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த மாதிரி வழக்குகளில் எல்லாமே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நிற்கும்: "பொருந்தும்" என்று சொன்னது யார்? கிராங்கும் கப்பும் நீங்களே வாங்கிவந்து மாட்டச் சொல்லியிருந்தால் பொருந்தாததற்குக் கடைக்காரரைக் குறை சொல்வது கஷ்டம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. கிராங்கின் படத்தை அனுப்பி, இதற்குரிய கப் என்று கேட்டீர்கள், அவர் இருக்கிறது என்றார், தன் கடையிலிருந்து எடுத்து விற்றார். சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன் பிரிவு 16(1) பேசுவது இதைத்தான்: எந்தத் தேவைக்கு என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது விற்பனையின் உள்ளடங்கிய நிபந்தனை. "போட்டுரலாம்" என்ற அந்த ஒரு வார்த்தை உங்களுக்கு ஒரு பக்கப் பத்திரத்துக்குச் சமம். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் உட்காருபவர்களுக்கு சைக்கிள் பாகங்கள் பழக்கமில்லாமல் இருக்கலாம், அதனால் புகாரில் இதை எளிமையாக எழுதிவிடுங்கள். ஷிமானோவின் ஹாலோடெக் 2 மாதிரியான கிராங்க்களில் ஆக்சில் இரண்டு பக்கமும் 24 மி.மீ. தடிமன். ஸ்ராமின் ஜிஎக்ஸ்பி முறையில் வலது பக்கம் 24, இடது பக்கம் 22. உங்களுடையது முழுக்க 24 என்றால், 22 மி.மீ. துளை உள்ள இடது கப்பில் அது நுழையவே முடியாது, எவ்வளவு தட்டினாலும். இரண்டு பெட்டிகளிலும் அளவு அச்சாகியிருக்கும், அவற்றை அருகருகே வைத்து எடுத்த ஒரு படம் போதும்.

இதே காரணத்தால் ஆன்லைன் விற்பனையாளரை வழக்கில் இழுக்காதீர்கள். அவர் 24 மி.மீ. என்று சொல்லி 24 மி.மீ. தான் அனுப்பியிருக்கிறார், பொருளில் குறை இல்லை. சம்பந்தமில்லாதவரைச் சேர்த்தால் அவர் தரப்பு வக்கீல் வாய்தா வாங்குவார், வழக்கு நீளும், உங்கள் நல்ல பாயின்ட்டும் கூட்டத்தில் கரைந்துவிடும். சுத்தியல் அடியில் கிராங்க் ஆக்சில் கெட்டிருந்தால் அந்த நஷ்டமும் கடைக்காரர் கணக்கில்தான் சேரும்.

அடுத்தது மரை, இதுதான் பெரிய நஷ்டம். பழைய சதுர ஆக்சில் போட்ட அலுமினிய ஃப்ரேம் என்றால் பெரும்பாலும் பிஎஸ்ஏ மரையாக இருக்கும் (நம் ஊரில் அது ஒரு சைக்கிள் பிராண்டாகப் பழக்கம், இங்கே மரை அளவின் பெயர், பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற பழைய ஆங்கில நிறுவனத்திலிருந்து வந்தது). 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. முக்கியமாக, இதில் வலது பக்கம், அதாவது செயின் இருக்கும் பக்கம், மரை தலைகீழ்: கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். பெரும்பாலான கப்களில் இடது வலது எழுத்தும், இறுக்கும் திசைக்கு அம்பும் இருக்கும். உங்களுக்கு வலது பக்கம் மட்டும் கெட்டிருப்பதைப் பார்த்தால், தவறான திசையில் திருகினார்களா அல்லது கப்பைச் சாய்த்து ஏற்றினார்களா என்ற சந்தேகம் இயல்பாக வருகிறது. எஃகு ஃப்ரேமாவது கொஞ்சம் தாங்கும், அலுமினியம் நீளமான ஸ்பானருக்குச் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடும். ஆனால் இது என் ஊகம். வேறொரு அனுபவமுள்ள மெக்கானிக் பார்த்து எழுத்தில் சொல்ல வேண்டும், அவர் பிரமாணப் பத்திரம் கொடுக்கச் சம்மதித்தால் இன்னும் நல்லது.

"ஃப்ரேம் ஏற்கெனவே கெட்டிருந்தது" என்ற பதிலுக்குப் பயப்பட வேண்டாம். பழுது பார்க்கக் கொடுத்த பொருளைத் தன் பொருளைப் போலக் கவனமாகப் பார்க்க வேண்டியது வாங்கி வைத்தவரின் கடமை என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 151. அவர் கையில் இருக்கும்போது பொருள் கெட்டது என்று நீங்கள் காட்டிவிட்டால், நான் கவனமாகத்தான் இருந்தேன் என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழும். பழைய பிபி அந்த மரையில்தான் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தது, அதோடுதான் நீங்கள் தினமும் ஓட்டினீர்கள். வண்டியை விட்ட நாளுக்கு முந்தைய நாள் ஓட்டிய பதிவு போன் செயலியில் இருந்தால் அதையும் இணையுங்கள். மரை முன்பே மோசமாக இருந்திருந்தால்கூட, கப்பை ஏற்றுவதற்கு முன் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி இது சேவைக் குறைபாடு. பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தின் பிரிவு 2(47)இல் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று தனியாகவே சொல்லப்பட்டிருக்கின்றன, ஆகவே அந்த முத்திரை உங்களைத் தடுக்காது. துண்டுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அதுவே கடைக்கு எதிரான ஆவணம்.

தொகை விஷயத்தில் உங்களோடு நான் உடன்படவில்லை. 38,000 ரூபாய் சைக்கிளுக்கு 5 லட்சம் கேட்டால், படிக்கும் ஆணையம் உங்கள் நியாயமான பகுதியையும் சந்தேகத்தோடு பார்க்கும். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73இல் ஒரு விளக்கம் உண்டு: நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைச் சரிசெய்ய என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். போன பிஎஸ்ஏ மரைக்கு வழி இருக்கிறது. ஷெல்லில், அதாவது கப் திருகப்படும் ஃப்ரேம் குழாயில், போதிய உலோகம் இருந்தால் துளையை 36 மி.மீ. இத்தாலிய அளவுக்குப் பெரிதாக்கிப் புது மரை வெட்டலாம், அந்த மரைக்கும் 24 மி.மீ. ஆக்சிலுக்கான கப் கிடைக்கிறது. மரையே தேவைப்படாமல் உள்ளே விரிந்து பிடிக்கும் பிபியும் உண்டு. இரண்டில் ஒன்று முடியுமா, என்ன செலவு என்று எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். முடியும் என்றால் அந்தச் செலவைக் கேளுங்கள், முடியாது என்று மெக்கானிக் எழுதித் தந்தால் ஃப்ரேமின் விலையைத் தேய்மானம் கழித்துக் கேளுங்கள். அதோடு கப்பின் 2,200, கட்டிய கூலி, மதுரைக்குப் போய்வந்த செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. மன உளைச்சலுக்கு 15,000 அல்லது 20,000 என்று கேட்டால் அதில் கண்ணியம் இருக்கும்.

போலீஸ் புகார் வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318இன்படி மோசடி என்றால், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். தெரியாமல் தவறான கப்பை எடுத்துக் கொடுத்தவர், தப்பை ஒத்துக்கொள்ள மனமில்லாதவர் என்பது வேறு, மோசடிக்காரர் என்பது வேறு. ஸ்டேஷனில் சிவில் பிரச்சினை என்று அனுப்பிவிடுவார்கள், அலைச்சல் மட்டும் மிஞ்சும்.

சைக்கிள் கைக்கு வந்த பிறகு 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை, வக்கீல் பெயரில்தான் போக வேண்டும் என்றும் இல்லை, ஆனால் பல கடைக்காரர்கள் எண்களோடு கூடிய கடிதத்தைப் பார்த்ததும் பேச வருவார்கள். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கடை மதுரையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் திண்டுக்கல்லிலேயே தாக்கல் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 இடம் தருகிறது, 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. இணையத்திலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள், அதற்குமேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் தெளிவாக்கிவிட்டது. மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் அதைவிட நீளும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

தாக்கல் செய்ய இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் மரையைச் சரிசெய்து ஓட்ட ஆரம்பிக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருக்கும், அதில் தப்பில்லை. நோட்டீஸ் போய், மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வக் கருத்தும் படங்களும் கையில் வந்த பிறகு டேப் போடச் சொல்லுங்கள், அதற்கு முன் யாரையும் அந்த ஷெல்லில் கை வைக்க விடாதீர்கள்.