மெல்லிய ஒலி தரும் கிதார் பெடல்: பிழை கட்டியவருடையதா, விற்றவருடையதா?

கேள்வி: நான் குடியாத்தத்தில் வசிக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து சிறு இசைக்குழு ஒன்றில் கிதார் வாசிக்கிறேன். இணையத்தில் 1,850 ரூபாய்க்கு ஃபஸ் பெடல் (கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டி) கிட் ஒன்றைத் தனித்தனிப் பாகங்களாக வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து நானே சால்டர் செய்து (ஈயப்பற்றால் இணைத்து) முடித்தேன். சுவிட்சை மிதிக்காதபோது கிதார் ஒலி தெளிவாக வருகிறது. மிதித்தால் எல்இடி எரிகிறது. ஆனால் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மிக மெல்லியதாகக் கேட்கிறது. பாகப் பட்டியலில் நான்கு 2என்5088 டிரான்சிஸ்டர்கள் (ஒலியைப் பெருக்கும் மூன்று கால் சிறு பாகங்கள்) என்று இருந்தது. பையில் இருந்தவை பிசி547. விற்றவரோ, “இரண்டும் ஒன்றுதான், சால்டர் செய்த கிட்டைத் திரும்பப் பெற மாட்டோம்” என்கிறார். பிழை என்னுடையதா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கடிதத்தின் கடைசி வரிகளில் நீங்கள் சொன்ன டிரான்சிஸ்டர் மாற்றமே பெரும்பாலும் உங்கள் பெடலின் நோய். மிதிக்காதபோது ஒலி தெளிவாக வருவதால் ஜாக்குகளும் (கேபிள் செருகும் துளைகள்) சுவிட்சின் ஒரு பாதியும் சரியாக இருக்கின்றன. எல்இடி எரிவதால் மின்சாரம் பெட்டிக்குள் வந்துவிட்டது. ஒலி அடியோடு நின்றுபோகாமல் மெலிந்து வருவதால் பாதை அறுபடவில்லை, பெருக்கம்தான் நடக்கவில்லை என்று கொள்ளலாம்.

2என்5088, பிசி547 ஆகிய இரண்டுமே என்பிஎன் வகை சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள்தாம். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்ற மூன்று கால்களின் வரிசை வேறு. தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், 2என்5088-இல் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று வரும். பிசி547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். சுற்றுப் பலகையில் டிரான்சிஸ்டரின் திசையைக் காட்ட அச்சிட்ட அரைவட்டத்தை நம்பி நீங்கள் பொருத்தியிருந்தால் நான்கும் தலைகீழாக நிற்கின்றன. அப்படி நிற்கும் டிரான்சிஸ்டர் அடியோடு செத்துவிடாது. பெருக்கும் திறனை மட்டும் பெரும்பகுதி இழந்துவிடும். உங்கள் காதில் விழுவது அதுதான். “இரண்டும் ஒன்றுதான்” என்ற விடை பாதி உண்மை. மறைந்துபோன மறுபாதியில்தான் உங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், அளந்து பாருங்கள். புதிய 9 வோல்ட் பேட்டரியைப் போட்டு, உள்ளீட்டு ஜாக்கில் கட்டாயம் ஒரு கேபிளைச் செருகுங்கள். பல பெடல்களில் கேபிள் செருகினால்தான் பேட்டரியின் எதிர்முனை இணையும், செருகாமல் அளந்தால் எல்லா இடத்திலும் சுழியம் காட்டி உங்களைக் குழப்பும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சுற்றின் ‘தரை’யில் (பேட்டரியின் எதிர்முனை இணையும் இடம்) வைத்து, பலகையில் கலெக்டர் என்று வகுக்கப்பட்ட துளையைச் சிவப்பு முனையால் தொடுங்கள். இவ்வகைச் சுற்றில் அங்கே பேட்டரி அளவில் ஏறக்குறைய பாதி, அதாவது 4 அல்லது 5 வோல்ட் இருக்க வேண்டும். 8 வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால் அந்த டிரான்சிஸ்டர் வேலை செய்யவில்லை.

சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கும் முன், தயவுசெய்து படம் எடுத்துவிடுங்கள். டிரான்சிஸ்டரின் முகத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சற்றே சாய்த்தால் சாம்பல் நிறப் பொடி எழுத்துகள் தெரியும். அந்த எழுத்து, பாகப் பட்டியல், பலகையின் அரைவட்டம், மீட்டரின் அளவு ஆகிய நான்கையும் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பழுதைக் கண்டுபிடிக்கும் அதே அளவுகள்தாம் பிறகு உங்கள் சாட்சியும் ஆகும்.

பின்னர் டிரான்சிஸ்டர்களை முழுதாகக் கழற்ற முயலாமல் கால்களை மேலே நறுக்கிவிட்டு, ஒவ்வொரு துண்டாகச் சூடாக்கி எடுங்கள். பிசி547 சில ரூபாய்க்குக் கிடைக்கும். பலகையின் செப்புத்தடம் உரிந்துவிட்டால் அதை வாங்க முடியாது. புதியவற்றை அரைவட்டத்துக்கு எதிர்த்திசையில் திருப்பிப் பொருத்துங்கள். உள்ளூர் ரேடியோ பழுதுக் கடைகளிலேயே பிசி547 இருக்கும். 2என்5088-தான் வேண்டுமென்றால் காட்பாடியில் இரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பார்க்கலாம், ஆனால் அதற்குத் தேவையில்லை. அதே நேரத்தில், மங்கிய சாம்பல் நிறத்தில் உருண்டையாக நிற்கும் சால்டர் புள்ளிகளை மீண்டும் சூடாக்கிவிடுங்கள். அவை நீங்கள் செய்த வேலை, அவற்றுக்கு விற்றவர் பொறுப்பில்லை.

இனி பணத்தைப் பற்றி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிகர் எவ்வகையிலேனும் சொல்லி விற்ற தரத்துக்குக் குறைவாகப் பொருள் இருப்பதையும் குறைபாடு என்றே கொள்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள அல்லது விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. சால்டர் செய்த கிட்டைத் திரும்பப் பெறுவதில்லை என்பது வாங்குபவரின் கைப்பிழையைப் பொறுத்தவரை நியாயமான நிபந்தனைதான். ஆனால் அறிவிக்காமல் பாகத்தை மாற்றியதற்கு அது திரையாகாது என்பது என் உறுதியான கருத்து. மாற்றத்தின் விளைவைச் சால்டர் செய்துபார்த்தல்லவா கண்டுபிடிக்க முடிந்தது!

விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் படங்களோடு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பயனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மேல் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரிலிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு, 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. எனினும் நான்கு டிரான்சிஸ்டரைத் திருப்பினால் பெடல் பாடிவிடும் என்ற நிலையில், முழுத் தொகையைக் கேட்பதைவிடச் சரியான பாகங்களையும், அடுத்து வாங்குபவருக்காகத் திருத்திய குறிப்பையும் கேட்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: வீட்டில் சும்மா கிடக்கும் ரவுட்டர் அடாப்டரைப் பெடலுக்குப் பயன்படுத்தலாமா? (அதே வாசகர்)

பதில்: வேண்டாம். ரவுட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை நேர்மின். பெடல்களுக்குப் பொதுவாக 9 வோல்ட், நடுமுனை எதிர்மின் தேவை. தலைகீழாகச் செருகினால் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் கெட்டுப்போகலாம். புதிதாக வாங்கும்போது மீட்டரின் சிவப்பு முனையை அடாப்டர் முனையின் நடுத்துளையிலும் கறுப்பை வெளிவளையத்திலும் வையுங்கள். எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் அது உங்கள் பெடலுக்கு ஏற்றது.