செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கி மாற்றிய வண்டியில் கம்ப்ரஷன் குறைவு என்கிறார் மெக்கானிக். இன்ஜினைத் திரும்ப மாற்றத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு இன்ஜினில் கை வைக்க வேண்டாம். கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும்போது வரும் அழுத்தம். எந்த சிலிண்டரில் எவ்வளவு குறைகிறது, அந்தக் காற்று எந்த வழியாக வெளியே போகிறது, இந்த இரண்டும் தெரிந்த பிறகு முடிவெடுங்கள். நானும் இதே நிலைமையில் நின்றவன். அன்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அவசரப்பட்டிருந்தால் முழு இன்ஜின் வேலைக்குப் பணம் கட்டியிருப்பேன்.

என்னிடம் இருப்பது ஆம்னி, கார்ப்ரேட்டர் வண்டி. திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் விடியற்காலையில் காய்கறி ஏற்றி அம்பாசமுத்திரம் பக்கத்துக் கடைகளுக்குப் போடுவேன். பழைய இன்ஜின் சூடேறி ஜாம் ஆகிவிட்டது. மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் 18,000 ரூபாய்க்கு வேறு இன்ஜின் வாங்கி மாட்டினேன். ஓடியது. ஆனால் ஐடிலில் நின்றால் வண்டியே உதறும். பாபநாசத்திலிருந்து காரையாருக்கு ஏறும்போது இரண்டாவது கியரிலும் திணறும். மாட்டிய மெக்கானிக் அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தார். மூன்று சிலிண்டருக்கும் 110, 60, 105 பி.எஸ்.ஐ. என்று வந்தது. "போர் போயிட்டு, இன்ஜின் வேலை பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். போர் என்றால் சிலிண்டரின் உள்சுவர்.

மனசு கேட்காமல் தச்சநல்லூரில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டு போனேன். வயதானவர், ஆம்னி வேலைதான் அதிகம் பார்ப்பார். அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, நம்பரப் பாத்துப் பயப்படாதிய. மொதல்ல அந்த நம்பரு சரியான்னு பாப்போம்."

இதைத்தான் உங்களுக்கும் முதலில் சொல்கிறேன். கம்ப்ரஷன் எடுக்கும் விதம் தப்பாக இருந்தால் நல்ல இன்ஜினும் செத்த இன்ஜின் மாதிரிதான் காட்டும். வண்டியை ஓட்டி இன்ஜின் சூடான பிறகு எடுக்க வேண்டும். ஒரு ப்ளக்கை மட்டும் கழற்றினால் போதாது, எல்லா ப்ளக்கையும் கழற்ற வேண்டும். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் உள்ளே காற்றே போகாது, அப்புறம் எதை அழுத்துவது? பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், செல்ஃப் மந்தமாகச் சுற்றினாலும் நம்பர் விழும். காயில் வயரை எடுத்துவிட வேண்டும், இன்ஜெக்ஷன் வண்டியானால் பெட்ரோல் போகாமல் நிறுத்த வேண்டும். கேஜும் ரப்பர் முனையை அழுத்திப் பிடிக்கும் ரகத்தை விட, ப்ளக் மரையில் திருகி மாட்டும் ரகமாக இருந்தால் நல்லது.

என் வண்டியில் முதல் தடவை எடுத்தபோது பேட்டரி பாதி இறங்கியிருந்தது, ஆக்ஸிலேட்டரையும் யாரும் மிதிக்கவில்லை. அண்ணாச்சி முன் சீட்டைத் தூக்கிவிட்டு முறையாக எடுத்தபோது 160, 90, 155 வந்தது. பெட்ரோல் இன்ஜினுக்குப் பொதுவாக 150-க்கு மேல் இருந்தால் நல்ல நிலை, 100-க்குக் கீழே போனால் கோளாறு. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10, 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆக, "போன இன்ஜின்" என்று சொன்னதில் இரண்டு சிலிண்டர் நன்றாகவே இருந்தது. மூன்றும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் மாறி மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார். இன்ஜினை மாற்றி மாட்டும்போது பெல்ட்டைக் கழற்றியிருந்தால் இது நடக்கக்கூடியது. பக்கத்து பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் இரண்டுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, விட்டிருக்கும்.

அடுத்து எண்ணெய்ச் சோதனை. குறைந்த சிலிண்டரில் ப்ளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி கேஜ் வைக்க வேண்டும். அந்த எண்ணெய் பிஸ்டன் ரிங்கைச் சுற்றி நின்று சந்தை அடைக்கும். நம்பர் நன்றாக ஏறினால் தேய்மானம் ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். என் வண்டியில் 90 என்பது 95 ஆனது, அவ்வளவுதான். அண்ணாச்சி முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "கீழ ஒண்ணுமில்ல, மேலதான்" என்றார்.

பிறகு வால்வு கவரைத் திறந்து டேப்பட், அதாவது வால்வுக்கு விட வேண்டிய சின்ன இடைவெளி, பார்த்தார். இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வில், இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. கேப்பே இல்லையென்றால் வால்வு முழுசாக மூடாது. சரியாக வைத்துவிட்டு எடுத்ததும் 118 வந்தது. பாதிக் கோளாறு போய்விட்டது, மீதி எங்கே?

அதற்கு அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. ஒரு பழைய ப்ளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அந்தக் கூட்டில் காற்று நிப்பிள் பற்றவைத்து வைத்திருந்தார். பிஸ்டனை கம்ப்ரஷன் மேல்முனைக்குக் கொண்டுவந்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, அந்த ப்ளக் கூட்டைத் திருகி, பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து ஹோஸ் இழுத்துக் காற்று விட்டார். என்னைப் பின்னால் போய் சைலன்சர் வாயில் காது வைக்கச் சொன்னார். உஸ்ஸென்று சத்தம். கார்ப்ரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயிலோ டிப்ஸ்டிக் குழாயிலோ கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட். (நல்ல ரிங்கிலும் கொஞ்சம் காற்று கசியும், அதைக் கேட்டு மிரள வேண்டாம்.) சைலன்சரில் கேட்டதால் எக்ஸாஸ்ட் வால்வு என்பது உறுதியானது.

ஹெட்டை இறக்கி, ப்ளக்கை மாட்டி, தலைகீழாக வைத்து, குழிகளில் பெட்ரோல் ஊற்றினோம். ஒன்றிலும் மூன்றிலும் அப்படியே நின்றது. இரண்டாவதில் கண் முன்னாலேயே வடிந்தது. வால்வைக் கழற்றிப் பார்த்தால் விளிம்பில் அரிசி அளவுக்கு எரிந்து போயிருந்தது. கார்ப்ரேட்டரில் கேஸ் கிட் மாட்டிய தடமும் இருந்தது. எல்.பி.ஜி.யில் நாள்பட ஓடிய இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு, அது உட்காரும் இடமான சீட்டுக்குள் தேய்ந்து இறங்கும். இறங்க இறங்க டேப்பட் கேப் அடையும். அடைந்தால் வால்வு சீட்டில் ஒட்டாமல், சூடு இறங்க வழியில்லாமல் எரியும். லேத் பட்டறையில் சீட் கட்டிங், ஒரு புது வால்வு, அதைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்தும் லேப்பிங், புது கேஸ்கட். எல்லாம் சேர்ந்து 5,000-க்குள் முடிந்தது. மாட்டி எடுத்தபோது 158, 152, 156.

உங்கள் இன்ஜின் கடையில் நெடுநாள் சும்மா கிடந்ததாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. ரிங் ஒட்டிக்கொண்டிருக்கலாம், வால்வு சீட்டில் துரு பிடித்திருக்கலாம். டீசலும் ஆயிலும் கலந்து சிலிண்டரில் கொஞ்சம் விட்டு ஒரு இரவு ஊற வைப்பார்கள். மறுநாள் எல்லா ப்ளக்கையும் கழற்றி வைத்துவிட்டு செல்ஃப் அடித்து அந்தத் திரவத்தை முழுக்க வெளியேற்றிய பிறகுதான் ப்ளக் மாட்ட வேண்டும், இல்லையென்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு இன்ஜின் ஆயிலை மாற்றி, ஓட்டிவிட்டு, திரும்ப அளந்து பாருங்கள்.

டீசல் வண்டி என்றால் மேலே சொன்ன நம்பர் எதுவும் பொருந்தாது. அங்கே 350, 400 என்று வரும், கேஜும் வேறு. பெட்ரோல் கேஜை அதில் மாட்டவே கூடாது.

மதுரைக் கடைக்காரரிடம் எரிந்த வால்வையும் முன்பின் எடுத்த நம்பர்களையும் காட்டிப் பேசினேன். பில் கையில் இருந்ததால் வால்வுக்கும் கேஸ்கட்டுக்கும் ஆன பணத்தைத் தந்தார். அந்த பில்லைத்தான் ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசிலும் கேட்டார்கள். நீங்கள் இன்னும் பில் வாங்கவில்லை என்றால் சண்டை போடுவதற்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள்.