மரபணு ஆராய்ச்சியால் சாதாரண நோயாளிக்கு என்ன லாபம்?

எந்த ஜீன் எப்போது வேலை செய்யும், எப்போது நிற்கும் என்று கோடிகளைக் கொட்டி ஆராய்கிறார்களே, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவனுக்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் நோய் நொடி இல்லை போலிருக்கிறது, அப்படியே இருக்கட்டும். எங்களுக்கு ஊத்தங்கரைப் பக்கம். என் மகனுக்கு பீட்டா தலசீமியா மேஜர், அதாவது உடம்பால் சரியான ஹீமோகுளோபின் செய்ய முடியாத பரம்பரை ரத்த நோய்.

பிறந்தபோது கொழுகொழு என்று இருந்தான். ஆறு மாசத்துக்கு அப்புறம் வெளுக்க ஆரம்பித்தான், பால் குடிக்கவே மூச்சு வாங்கும், வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. "தாய்ப்பாலில் சத்து இல்லை" என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு கிளினிக்கில் ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து டானிக்காக எழுதித் தள்ளினார்கள், முளைத்த ரெண்டு பல்லும் கறுத்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் எச்பிஎல்சி டெஸ்ட் எடுக்கச் சொன்னார், ரத்தத்தில் எந்த வகை ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் டெஸ்ட்.

ரிசல்ட் வந்ததும் உட்கார வைத்து விளக்கினார். வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின், அதற்கு காமா ஜீன். பிறந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி பீட்டா ஜீன் பொறுப்பேற்கும். என் மகனுக்கு அம்மா வழி, அப்பா வழி இரண்டு பீட்டாவுமே பழுது. அதனால்தான் ஆறு மாசம் வரை ஒன்றும் தெரியவில்லை, பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அத்தை முன்னாலேயே சொன்னார். நீங்கள் கேட்கும் அந்த ஆராய்ச்சி இல்லாவிட்டால் இந்தப் பழியை நான் சாகும்வரை சுமந்திருப்பேன்.

அந்தக் காமா ஜீனை அடக்கி வைப்பது பிசிஎல்11ஏ என்ற இன்னொரு ஜீன் என்று கண்டுபிடித்து, ரத்த செல்லில் மட்டும் அதன் வேகத்தைக் குறைத்து காமாவை மறுபடி வேலை செய்ய வைக்கும் காஸ்கெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். நமக்கு எட்டாது, தெரியும். எங்களுக்கு ரத்தம் ஏற்றுவதும், ஏற்ற ஏற்ற உடம்பில் சேர்ந்துபோகும் இரும்பை வெளியேற்றும் மாத்திரையும்தான். காலையில் வெறும் வயிற்றில் அதை டம்ளரில் கரைத்துக் கொடுத்து, அடியில் தங்கும் பொடிக்கு மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதையும் குடிக்க வைத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் இட்லி.

அத்தை மகனைக் கட்டினதால் வந்தது என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும், மறுக்கவில்லை. ஆனால் அந்நியத்தில் கட்டினாலும் இருவரும் கேரியராக, அதாவது ஒரு பீட்டா ஜீன் மட்டும் பழுதானவராக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீதம் இதே கதிதான். ஊருக்கெல்லாம் ஜாதகம் பார்க்க நேரம் இருக்கிறது, இந்த டெஸ்டுக்கு இல்லை.

  

வீட்டில் யாருக்காவது ரத்தசோகை, இரும்பு மாத்திரை போட்டும் ஏறவில்லை, ரிப்போர்ட்டில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைவாகவும் சிவப்பணு எண்ணிக்கை மட்டும் கூடுதலாகவும் இருந்தால், எச்பிஎல்சி எடுக்கலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கேரியர்தான். கேரியருக்கு ஒன்றும் ஆகாது, கட்டிக்கொள்ளப் போகிறவருக்கும் டெஸ்ட் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.